பதுளைக் கோச்சியும் ரேடியோப் பெட்டியும்

1924 ஜனவரி 15ஆம் திகதி இரவு லண்டனிலிருந்து பிபிசி ஒரு நாடகத்தை ஒலிபரப்பியது. ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய அந்த நாடகத்தின் பெயர் ‘டேஞ்சர்’. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றைச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் விளக்கு அணைந்து இருட்டில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். தண்ணீர் ஏறுகிறது. முகம் தெரியாத மனிதர்களுக்கு ஒருவர் குரல் மட்டுமே மற்றவருக்குத் துணை. மேடை நாடகத்தை எடுத்து ஒலிபரப்பாமல் வானொலிக்கென்றே எழுதிய முதல் நாடகமாக வரலாறு இதைத்தான் குறிக்கிறது. கண்ணுக்கு வேலையில்லாத இடம் என்பதாலேயே ஹியூஸ் சுரங்கத்தைத் தேர்ந்தார்.

அதற்குச் சரியாக மூன்று வாரம் கழித்து, பெப்ரவரி 5ஆம் திகதி, பதுளைக்குக் கோச்சி வந்தது. பண்டாரவளைக்கு 1894இலேயே வந்துவிட்ட பாதை, மிச்சமிருந்த முப்பது கிலோமீற்றர் சொச்சத்தைக் கடக்க முப்பது ஆண்டு எடுத்துக்கொண்டது. அந்த மலைச் சரிவில் பாதை போடுவது அப்படி ஒரு வேலை. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே ஒன்பது வளைவுப் பாலம் எழும்பியது. தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, தான் சற்றுமுன் நின்று புறப்பட்ட ஸ்டேஷனுக்கு அடியிலேயே குகைக்குள் நுழைந்து போகிறது. அதற்குள் கொழும்பில் தந்தி இலாகாவின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் ஒலிபரப்புச் சோதனைகளைத் தொடங்கியிருந்தார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி பேச ஆரம்பித்தது. பதுளை கோச்சிப் பாதையின் கடைசி ஊரானதும், நாடகம் காற்றில் ஏறியதும், இலங்கை வானொலி கருக்கொண்டதும் ஒரே காலம். இந்த மூன்றும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் ஒரு காம்பராவில் வந்து கூட இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

கோச்சி வருவதற்கு முன்பே, பதுளை இருக்கும் ஊவா அந்நியர்கள் ஒருவரையொருவர் எதிர்கொண்ட பூமி. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று பேர் வாங்கியவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாக எழுப்பிய தேவாலயம் பதுளை நகரில் இன்றும் இருக்கிறது. 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்கள் சுமார் ஐயாயிரம் பேரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து தியத்தலாவையில் அடைத்தார்கள். ஸ்கொட்லாந்துத் தொரைமார், பசறை, லுணுகலைக் கடைவீதிகளின் முஸ்லிம் வியாபாரிகள், வயலும் சேனையுமாக இருந்த சிங்களக் கிராமத்தார், திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கமிருந்து கங்காணிமார் கூட்டி வந்த சனங்கள் என்று ஒரே சந்தையில் இத்தனை மொழி, இத்தனை முகம். நமுனுகுல மலையைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பிறந்த பிள்ளைக்கு இந்த விசித்திரமே அன்றாடம்.

தோட்டத்துச் சனங்களுக்கு நாடகம் ரேடியோவில்தான் அறிமுகமானது என்று நினைத்தால் அது பெரும் பிழை. அவர்கள் கப்பலில் வரும்போதே கூத்தைக் கொண்டுவந்தார்கள். பொன்னர் சங்கர் இருந்தது, அர்ச்சுனன் தபசு இருந்தது. எல்லாவற்றிலும் மேலாகக் காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரை தோட்டத்தின் இரவுகளுக்கு வேறு ஒரு கணக்கு. பகலில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய், மலையில் வேலை முடித்து வந்தவர்கள் இரவில் ரதியும் மதனுமாக மாறி லயம் லயமாக ஆடிப் போவார்கள். ரதி வேஷம் கட்டுவது ஆண்தான். காப்புக் கட்டிய நாளிலிருந்து விரதம் காக்க வேண்டும். ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பவருக்கு ‘மாஸ்டர்’ என்று பெயர். பாட்டும் வசனமும் அவருடைய கொப்பியில் இருக்கும், அதைவிட அதிகமாக அவருடைய நெஞ்சில் இருக்கும்.

கடைசி இரவு விடிய விடிய நடக்கும். தூதன் வருவான், எமன் வருவான், வீரபத்திரன் வருவான், குறவனும் குறத்தியும் வருவார்கள். ஈசனின் தவத்தைக் கலைக்க மதன் புறப்படுகிறான்; ரதி தடுக்கிறாள்; அவன் கேட்கவில்லை. கைலாயம் எங்கே என்றால், அதோ தேயிலை மலைக்கு மேல் பரணில். எமலோகத்திலிருந்து வருபவன் தேயிலை ஸ்டோர் ரோட்டில்தான் நடந்து வருகிறான். நேற்றுவரை பக்கத்துக் காம்பராவில் இருந்த ஆள் இன்று தீப்பந்த வெளிச்சத்தில் யாரென்று அடையாளம் தெரியாமல் நிற்கிறார். மதன் எரிந்ததும் ரதி அழும் பாட்டு தொடங்கும். கூடியிருக்கும் பெண்களும் அழுவார்கள். அது புராணத்து ரதிக்காக மட்டும் அழுத அழுகை என்று எவரும் சொல்ல முடியாது. காய்ச்சலுக்கும் பட்டினிக்கும் புருஷனையும் பிள்ளையையும் இந்த மண்ணில் புதைத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். விடியற்காலையில் ஆட்களை வேலைக்கு எழுப்பிய அதே தப்பு மேளம்தான் அந்த இரவில் ஈசனையும் எமனையும் ஆட வைத்தது. மலையகத்து நாடக வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இனி ரேடியோ. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவிலிருந்த நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் நிறுவிய ‘ரேடியோ சியாக்’ நிலையத்தின் பலம்வாய்ந்த சிற்றலைக் கருவி போருக்குப் பின் இலங்கைக்குக் கிடைத்தது. 1949இல் ரேடியோ சிலோன் பிறந்தது. 1950இல் வர்த்தக சேவை வந்தது. ஏக்கலையில் நின்ற கோபுரங்கள் அனுப்பிய தமிழ் பாக்கு நீரிணையைத் தாண்டித் தமிழ்நாட்டின் சிற்றூர் வரை தெளிவாகக் கேட்டது. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்ததும் அங்குள்ள சனங்களுக்குக் கொழும்புதான் கதியென்றாயிற்று.

தோட்டத்தில் மின்சாரம் ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் உரியது. லயத்துக்கு மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு. ஆகவே ரேடியோ முதலில் உத்தியோகத்தர் வீட்டிலும் டவுன் தேத்தண்ணிக் கடையிலும்தான் பாடியது. பற்றரியில் ஓடும் கையடக்கமான டிரான்சிஸ்டர் பரவிய பிறகே அது காம்பராவுக்குள் நுழைந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, இரண்டு பக்கமும் ஒட்டிய அறைகள், ஒரு வீட்டுப் பேச்சு மறுவீட்டில் கேட்கும் சுவர்கள். ஒருவர் பெட்டி வாங்கினால் வரிசை முழுக்க நாடகம் கேட்கலாம். விளக்கைத் தணித்துவிட்டு, கம்பளிக்குள் முடங்கி, குரல்களை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பம். ஹியூஸ் சுரங்கத்தைக் கற்பனை செய்து உண்டாக்கிய இருட்டு இங்கே தானாகவே இருந்தது.

அந்த இருட்டில் யார் யார் வந்தார்கள்? சானா என்று எல்லோரும் அழைத்த சண்முகநாதன் ரேடியோ சிலோனின் தமிழ் நாடகத்துக்கு உயிர் கொடுத்தவர். அவர் பெயரோடு சேர்த்தே நினைக்கப்படும் ‘லண்டன் கந்தையா’ வந்தார். இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ வழியாக யாழ்ப்பாணத்துக் கிராமமே வந்தது. பிறகு சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ மக்கள் வங்கியின் அனுசரணையில் வாராவாரம் வந்தது. கே. எஸ். பாலச்சந்திரன் ‘கிராமத்துக் கனவுக’ளைக் கொண்டுவந்தார். சிங்கள சேவையைத் திருப்பினால் முதலிநாயக்க சோமரத்னவின் ‘முவன்பெலெஸ்ஸ’ என்ற காட்டோரக் கிராமம். சிங்களம் பழகிய தோட்டத்துப் பிள்ளைகள் அதையும் விடவில்லை.

எல்லாவற்றையும்விட விசித்திரமான சந்திப்பு எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’. அதில் நான்கு பேர். ராம்தாஸின் மரைக்கார் முஸ்லிம்களின் பேச்சுத் தமிழில் பேசுவார், ரி. ராஜகோபாலின் அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழில், பி. எச். அப்துல் ஹமீட் பேசிய ஐயர் பிராமணத் தமிழில். செல்வசேகரனின் உபாலி, சிங்களவர் தமிழ் பேசினால் எப்படியோ அப்படி. ஒரு முஸ்லிம் அறிவிப்பாளர் ஐயராக, தமிழ்க் கலைஞர்கள் மரைக்காராகவும் உபாலியாகவும். முகம் காட்ட வேண்டியிருந்தால் இது வேஷம். குரல் மட்டும் என்பதால் நேயருக்கு அவர்கள் அசல் மனிதர்களானார்கள். நாட்டின் நான்கு மூலைகள் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு, ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்காமல், சண்டை பிடித்து, கடைசியில் சேர்ந்து சிரிக்கும் அந்த நேரத்துக்காக நாடு காத்திருந்தது. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்று திரைப்படமாகவும் வந்து நன்றாக ஓடியது.

ஆனால் அந்த நால்வரில் தோட்டத்து ஆள் இல்லை. இது சின்ன விடுபடல் அல்ல. கந்தையா, விதானையார், மரைக்கார், ஐயர், உபாலி என்று குரல்கள் வரிசையாக வருகின்றன. கங்காணியோ கொழுந்தெடுக்கும் பெண்ணோ அதில் நிலையான பாத்திரமாக நிற்கவில்லை. ரேடியோவை இத்தனை ஆசையாகக் கேட்ட சனம், தன் பேச்சை அதில் அபூர்வமாகவே கேட்டது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. நாட்டின் கணக்கில் இல்லாதவர்களுக்கு நாடகத்தின் கணக்கிலும் இடம் குறைவாகவே கிடைத்தது. கலைஞர்களைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. அவரவர் அறிந்த வாழ்வை அவரவர் எழுதினார்கள். குறை, நிலையத்துக்கும் மலைக்கும் நடுவே ஆட்களே போய்வராத அந்தத் தூரத்தில் இருந்தது.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்களான 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று லயங்கள் பிரிந்தன. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை ஸ்டேஷன்களில் ஏறியவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்து அழுத அந்தப் பயணத்தை மலையகம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றது, மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அதுவே தலைப்பு. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் இறங்கியவர்களில் பலர் நீலகிரிக்குப் போனார்கள். அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதே கொழுந்து, அதே குளிர், அதே மாதிரி வரிசை வீடுகள்.

அங்கேயும் இலங்கை வானொலி கேட்டது. நேயர் விருப்பத்தில் அறிவிப்பாளர் வாசிக்கும் பெயர்ப் பட்டியலைப் பற்றி யாரும் நாடகம் என்று பேசியதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய நாடகம் கிடையாது. தமிழ்நாட்டு ஊர் ஒன்றின் பெயர், அதையொட்டி இலங்கைத் தோட்டம் ஒன்றின் பெயர், பிறகு மட்டக்களப்பு, பிறகு மறுபடி ஒரு தோட்டம். ஒருவரையொருவர் ஒருநாளும் பார்க்கப்போகாதவர்கள் ஒரே பாட்டுக்காக அடுத்தடுத்து நின்றார்கள். ஆண்டுக்கணக்கில் கடிதம் வராத சொந்தத்தின் பெயர் அதில் வருமா என்று கடலின் இரு கரையிலும் காது கொடுத்தவர்களுக்கு அந்தப் பட்டியல் எப்படிக் கேட்டிருக்கும் என்பது எழுதப்பட வேண்டிய கதை.

இதற்கிடையில் மலையகம் தன் குரலை வேறு வழியில் தேடிக்கொண்டது. பதுளைக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த ஜோசப், வேலை பார்த்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு எழுதினார். 1974இல் ‘காலங்கள் சாவதில்லை’ நாவல். 1975இல் வி. பி. கணேசன் தயாரித்த ‘புதிய காற்று’ படத்துக்கு அவர் வசனம் எழுதியபோது, தோட்டத்துப் பேச்சு இலங்கைத் தமிழ்த் திரையில் நிமிர்ந்து நின்றது. அதை இயக்கிய எஸ். இராமநாதன்தான் மறு ஆண்டில் ‘கோமாளிக’ளையும் இயக்கினார். ஓராண்டு இடைவெளியில் ஒரே இயக்குநரின் கையில் இரண்டும் வந்தும், மரைக்காரும் அப்புக்குட்டியும் தோட்டத்து மனிதரும் ஒரே கதைக்குள் சந்திக்கவில்லை.

1982இல் ரூபவாஹினி வந்தது. ரேடியோ நாடகம் மெல்லத் தேயத் தொடங்கியது. மறு ஆண்டு ஜூலைக் கலவரம் 27ஆம் திகதி பதுளை நகருக்குள் நுழைந்து தமிழர் கடைகளையும் வீடுகளையும் எரித்தது. நான்கு தமிழையும் ஒன்றாகக் கேட்டுச் சிரித்த நாட்டில், பேசும் மொழியை வைத்து ஆளைத் தேடினார்கள். ராமேஸ்வரம் கப்பலும் 1984இல் நின்றது. சானாவின் கலைஞர்கள் வளர்த்த அந்தக் கலையின் வாரிசுகள் பலர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சிதறினார்கள். பாலச்சந்திரன் கனடாவில் வாழ்ந்து அங்கேயே மறைந்தார். தெளிவத்தை ஜோசப் இலங்கையிலேயே இருந்து, 2013இல் விஷ்ணுபுரம் விருது பெற்று, 2022இல் காலமானார்.

காமன் கூத்தோ இன்னும் மலையகத் தோட்டங்களில் நடக்கிறது. கொழும்பில் கடைகளிலும் கட்டட வேலையிலும் இருக்கும் இளைஞர்கள் மாசி மாதம் லீவு சொல்லிவிட்டு வந்து வேஷம் கட்டுகிறார்கள். கொப்பியிலிருந்து வசனத்தைப் படம் பிடித்துப் போனில் வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கூத்தை முழு இரவும் பதிவு செய்து, மாஸ்டர்மாரின் குரலோடு ஒரு வானொலி நாடகமாக்கினால், எமன் ஸ்டோர் ரோட்டில் நடந்து வருவதை ஊவாவுக்கு வெளியே உள்ளவர்களும் கேட்கலாம். செலவு அதிகமில்லை, கொப்பி வைத்திருக்கும் மாஸ்டர்மாருக்கு வயதாகிக்கொண்டு வருகிறது.