மணியாச்சி: ஒரு சந்திப்பு நிலையத்தின் வரலாறு

முன்னுரை

தமிழக விடுதலைப் போராட்ட வரலாற்றில் மணியாச்சி ஒரே நாளால் அறியப்படும் ஊராகும். 1911 ஜூன் 17 அன்று நிகழ்ந்த ஆஷ் கொலை, அந்நிலையத்தின் பிற வரலாற்றை மறைத்துவிட்டது. ஆயினும், அந்நிகழ்வுக்கு மணியாச்சி களமானதன் காரணம் அந்நிலையத்தின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சந்திப்பின் தோற்றம்

தென்னிந்திய இரயில்வே மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்திற்கு அமைத்த மீட்டர் பாதையில், திருநெல்வேலிக்குக் கிளை பிரியும் இடம் மணியாச்சி. கரிசல் நிலத்துச் சிற்றூரான அது, பாதை பிரிவதாலேயே சிறப்புப் பெற்றது. மாவட்டத் தலைமையிடம் கிளைப்பாதையிலும் துறைமுகம் முதன்மைப் பாதையிலும் அமைந்தமையால், ஆட்சியும் வணிகமும் அங்குச் சந்தித்தன. 1875 டிசம்பரில் இவ்வழியே பயணம் செய்த வேல்ஸ் இளவரசரைக் கால்டுவெல் உள்ளிட்ட சமயப் பணியாளர்களும் கிறித்தவ மக்களும் மணியாச்சியிலேயே வரவேற்றனர்.

காத்திருப்பும் கொலையும்

அந்நாளில் கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில் கப்பலேறினர். கப்பல் பயணிகளுக்கான போட் மெயில் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடியது. திருநெல்வேலியிலிருந்து வடக்கே செல்வோர் அதற்காக மணியாச்சியில் காத்திருக்க வேண்டும். கொடைக்கானலுக்குப் புறப்பட்ட ஆட்சியர் ஆஷ், மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் அவ்வாறு காத்திருந்தபோதே வாஞ்சிநாதன் அவரைச் சுட்டார். பின்னர் நடைமேடைக் கழிப்பறையில் தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அவரிடம் கிடைத்த கடிதம் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவைக் குறித்தது. 1875இல் அவ்வழியே சென்ற இளவரசரின் மகனே அந்த ஜார்ஜ். தந்தையை வரவேற்ற நிலையத்திலேயே, மகன் முடிசூடுவதற்கு ஐந்து நாள்களுக்கு முன் பேரரசுக்கு எதிரான குண்டு வெடித்தது.

1914இன் மாற்றம்

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் வழி தொடங்கியதும் போட் மெயில் இராமேசுவரத் தீவை நோக்கித் திரும்பியது. ஆஷை அங்குக் காத்திருக்கச் செய்த இலங்கைத் தொடர்பு மூன்றே ஆண்டுகளில் மணியாச்சியை விட்டு நீங்கியது. சந்திப்பு என்னும் நிலை மட்டும் எஞ்சியது.

முடிவுரை

‘வாஞ்சி மணியாச்சி’ என்னும் இன்றைய பெயர் அந்நாளின் மனிதரை நினைவிலிருத்துகிறது. அவரையும் ஆட்சியரையும் ஒரே நடைமேடையில் சேர்த்த இருப்புப்பாதையின் வரலாற்றை அது கூறுவதில்லை. பேரரசு தன் அலுவலர்களின் விரைவான பயணத்திற்கும் துறைமுக வணிகத்திற்கும் அமைத்த பாதையே, அவர்களை எவரும் அணுகக்கூடிய பொதுவெளியில் நிறுத்தியது. ஆகவே, ஆஷ் கொலையை ஆராய்வோர் சதியின் வரலாற்றோடு கால அட்டவணையின் வரலாற்றையும் இணைத்துக் காணுதல் வேண்டும்.