கிளென்கோரின் நிலக்கரியும் காலநிலை வாக்குறுதிகளும்

கிளென்கோர், சுவிட்சர்லாந்தின் பார் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்க, பண்ட வணிக நிறுவனமாகும். 1974இல் மார்க் ரிச் தொடங்கிய வணிக நிறுவனத்திலிருந்து வளர்ந்த இது, 2013இல் எக்ஸ்ட்ராட்டாவுடன் இணைந்தபின் உலகின் மிகப்பெரிய நிலக்கரி ஏற்றுமதியாளர்களுள் ஒன்றானது.

சுரங்க நிறுவனத்தின் உமிழ்வு மூன்று வகையாகக் கணக்கிடப்படுகிறது. எந்திரங்கள் எரிக்கும் டீசலும் சுரங்கத்தில் கசியும் மீத்தேனும் முதல் வகை. வாங்கும் மின்சாரத்தால் வருவது இரண்டாம் வகை. விற்ற நிலக்கரியைப் பிறர் எரிப்பதால் வருவது மூன்றாம் வகையில் அடங்கும். கிளென்கோரின் உமிழ்வில் மிகப் பெரும்பகுதி மூன்றாம் வகையே.

முதலீட்டாளர்களின் அழுத்தத்தால், ஆண்டு நிலக்கரி உற்பத்தியை ஏறத்தாழ 15 கோடி டன்னுக்கு மேல் உயர்த்துவதில்லை என்று 2019 பிப்ரவரியில் நிறுவனம் அறிவித்தது. 2020 டிசம்பரில், மூன்று வகைகளையும் சேர்த்து 2050க்குள் நிகர சுழிய உமிழ்வை எட்ட இலக்கு வைத்தது. சுரங்கங்களை விற்றால் உமிழ்வு வேறொருவர் கணக்குக்கு மாறுமே தவிரக் குறையாது. தானே நடத்திப் படிப்படியாக மூடுவதே பொறுப்பானது என்பது அதன் வாதம்.

ஆனால் பிறர் விற்ற சுரங்கங்களை அது வாங்கவும் செய்தது. 2022 ஜனவரியில் பிஎச்பி, ஆங்கிலோ அமெரிக்கன் ஆகியவற்றிடமிருந்து கொலம்பியாவின் செரெஹோன் சுரங்கத்தில் மூன்றில் இரு பங்கையும், 2024 ஜூலையில் கனடாவின் டெக் நிறுவனத்தின் எஃகு உற்பத்திக்கான நிலக்கரிப் பிரிவில் 77 விழுக்காட்டையும் பெற்றது. நிலக்கரிப் பிரிவைத் தனி நிறுவனமாக்கும் திட்டம், பங்குதாரர்களின் கருத்தறிந்தபின் 2024 ஆகஸ்டில் கைவிடப்பட்டது.

சுரங்கம் கைமாறுவதால் வளிமண்டலத்தில் மாற்றம் ஏதும் நிகழ்வதில்லை. ஆகவே இவ்வாக்குறுதிகளை மதிப்பிட, ஆண்டுதோறும் அகழப்படும் நிலக்கரியின் அளவு குறைகிறதா என்பதையே பார்க்க வேண்டியுள்ளது.