பல் இடுக்கைக் கவனிக்கிறோமா? ஈறைக் காக்கும் இரவு நேரப் பழக்கம்

காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை பல் துலக்குகிறோம். ஆனாலும் நாற்பது வயதைத் தாண்டியதும் ஈறு வீங்குகிறது. துலக்கும்போது இரத்தம் கசிகிறது. சில ஆண்டுகளில் ஒரு பல் ஆடத் தொடங்குகிறது. "வயசானா பல்லு விழத்தானே செய்யும்" என்று தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மில் பலர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கின்றனர்.

உண்மையில், வயதானால் பல் விழுந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பெரியவர்கள் பல்லை இழப்பதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று ஈறு நோய். அது பெரும்பாலும் பிரஷ் எட்டாத பல் இடுக்கில்தான் தொடங்குகிறது. அந்த இடுக்கைச் சுத்தம் செய்வதற்கென்றே உள்ளது ஃபிளாஸ் எனப்படும் பல்லிடை நூல்.

பிரஷ் எட்டாத இரண்டு பக்கங்கள்

ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ஐந்து பக்கங்கள் உண்டு. வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் மேற்பரப்பு ஆகிய மூன்றையும் பிரஷ் தேய்க்கிறது. பக்கத்துப் பல்லை ஒட்டியிருக்கும் மற்ற இரண்டு பக்கங்களுக்குள் அதன் தும்பு நுழைவதில்லை.

அங்கே கிருமிகள் மெல்லிய, பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. தினமும் அகற்றாவிட்டால் இப்படலம் எச்சிலில் உள்ள தாதுக்களோடு சேர்ந்து காரையாக இறுகிவிடும். இறுகிய காரையைப் பிரஷும் நூலும் அகற்றா. பல் மருத்துவரிடம் ஸ்கேலிங் செய்துகொள்ள வேண்டியதுதான். அதையும் கவனிக்காமல் விட்டால் வீக்கம் ஈறைத் தாண்டி, பல்லைத் தாங்கும் எலும்பையே அரித்துவிடும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது.

பல் இடுக்கை நூலால் சுத்தம் செய்யும் யோசனை புதியதன்று. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பணியாற்றிய லீவை ஸ்பியர் பார்ம்லி என்ற பல் மருத்துவர் 1819-இல் வெளியிட்ட நூலிலேயே மெழுகிட்ட பட்டு நூலைப் பரிந்துரைத்தார். இப்போது கிடைப்பவை பெரும்பாலும் நைலான் நூல்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கவனத்திற்கு

நம் சமூகத்திற்கு இது கூடுதல் முக்கியத்துவம் வாய்ந்தது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம்.

நீரிழிவுக்கும் ஈறு நோய்க்கும் இருவழித் தொடர்பு உண்டு. இரத்தத்தில் சர்க்கரை கூடினால் ஈறில் தொற்று எளிதில் பற்றிக்கொள்ளும். புண் ஆறவும் தாமதமாகும். மறுபுறம், முற்றிய ஈறு நோய் உடலில் அழற்சியை ஏற்படுத்தி, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். ஈறு நோய்க்கு முறையான சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளின் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. நூல் மருந்துக்கு மாற்றாகாது. ஆனால் ஈறு நோயை ஆரம்பத்திலேயே தடுக்க உதவும்.

எப்படிப் பயன்படுத்துவது?

• சுமார் 45 சென்டிமீட்டர் நூலை எடுத்து, இரு கைகளின் நடுவிரல்களிலும் சுற்றிக்கொள்ளுங்கள்.

• கட்டைவிரல், ஆள்காட்டி விரல்களுக்கு இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் நூலை இறுக்கிப் பிடியுங்கள்.

• மெல்ல முன்னும் பின்னும் அசைத்தபடி இடுக்கில் இறக்குங்கள். வெடுக்கென்று அழுத்தினால் ஈறு காயப்படும்.

• நூலைப் பல்லின் ஓரத்தில் அரைவட்டமாக வளைத்து, ஈறுக்குச் சற்றுக் கீழிருந்து மேலும் கீழுமாகத் தேயுங்கள். அதே இடுக்கில் பக்கத்துப் பல்லையும் இவ்வாறே தேயுங்கள்.

• அடுத்த இடுக்கிற்கு நூலின் சுத்தமான பகுதியைப் பயன்படுத்துங்கள். கடைசிப் பல்லின் பின்பக்கத்தையும் மறவாதீர்கள்.

நாளுக்கு ஒரு முறை போதும். இரவில் படுக்கும் முன் செய்வது நல்லது. 50 மீட்டர் சுருள் ஒன்று ஒருவருக்கு மூன்று மாதங்களுக்கு மேல் வரும். மருந்தகங்களிலும் பேரங்காடிகளிலும் இது கிடைக்கும்.

இரத்தம் வந்தால் நிறுத்தலாமா?

பலர் முதல் நாளே கைவிடுவது இரத்தத்தைப் பார்த்துப் பயந்துதான். ஈறு ஏற்கெனவே வீங்கியிருப்பதால்தான் பெரும்பாலும் இரத்தம் கசிகிறது. மென்மையாகத் தொடர்ந்து செய்தால் வழக்கமாக ஓரிரு வாரங்களில் நின்றுவிடும். நிற்காவிட்டாலோ, பல் ஆடினாலோ, வாயில் துர்நாற்றம் நீடித்தாலோ பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்தத்தின் அடர்த்தியைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள் அதை மருத்துவரிடம் கூறிவிட வேண்டும்.

புகைப்பவர்களுக்கு ஈறு நோய் இருந்தும் இரத்தம் அதிகம் கசியாமல் போகலாம். எனவே இரத்தம் வரவில்லை என்பதற்காக அவர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ஈர்க்கும் ஊசியும் வேண்டாம்

சாப்பிட்டதும் துடைப்பத்து ஈர்க்கையோ, ஊக்கையோ, தீக்குச்சியையோ எடுத்துப் பல் குத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. இவை சிக்கிய இறைச்சி நாரை எடுக்கலாம். படிந்த படலத்தை அகற்றா. ஈறைக் குத்திப் புண்ணாக்கவும் கூடும். தையல் நூலும் இதற்கு ஏற்றதன்று.

பல் இடுக்கு அகன்றவர்களுக்கு, இடுக்கினுள் நுழையும் சிறு பிரஷ் நூலைவிட ஏற்றது. விரல் மூட்டு வலியுள்ள முதியவர்கள், பிடியுடன் வரும் நூலைப் பயன்படுத்தலாம். பிள்ளைகளுக்கு இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடத் தொடங்கியதும் பெற்றோரே நூல் இட்டுவிட வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

நூலால் பலனே இல்லை என்ற பேச்சும் 2016-இல் எழுந்தது. அதன் பலனுக்குப் போதிய வலுவான ஆதாரம் இல்லை என்று அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஒன்று அப்போது வெளியிட்ட செய்தியே அதற்குக் காரணம். பின்னர் 2019-இல் 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, பிரஷோடு நூலையும் பயன்படுத்துவது, பிரஷ் மட்டும் பயன்படுத்துவதைவிட ஈறு வீக்கத்தைக் குறைக்கக்கூடும் என்று கூறியது. சொத்தையைத் தடுக்கிறதா என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே ஃபுளோரைடு பற்பசையால் இருவேளை துலக்குவதும் இனிப்பைக் குறைப்பதும் தொடர வேண்டும்.

ஏற்கெனவே காரை படிந்திருந்தால் 'கிளினிக் பெர்கிகியான்' என்று பலகை மாட்டியிருக்கும் அரசாங்கப் பல் சிகிச்சையகத்திலோ தனியார் மருத்துவரிடமோ முதலில் ஸ்கேலிங் செய்துகொண்டு, பிறகு நூலைத் தொடங்கலாம். நீரிழிவுக்காக அரசாங்கக் கிளினிக்கிற்குச் செல்பவர்கள், அடுத்த முறை பல் பரிசோதனை பற்றியும் கேட்டுப் பாருங்கள்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் மட்டுமல்ல, பிடித்ததை மென்று சாப்பிடும் சுகமும் போய்விடும். இரவில் ஒதுக்கும் இரண்டு மூன்று நிமிடங்கள் அதைக் காக்க உதவும் என்றால், இன்றே தொடங்குவதில் தவறில்லை.