நிக் டிரேக்: கழித்தலின் கதை

இருபத்தாறு வயதில் செத்துப்போன ஒரு பாடகனின் பாட்டையெல்லாம் சாவிலிருந்து பின்னோக்கிக் கேட்பது சுலபம். நிக் டிரேக் விஷயத்தில் ஐம்பது வருஷமாக இதுதான் நடக்கிறது. 1974 நவம்பர் 25 அன்று, மனச்சோர்வுக்குத் தந்த மாத்திரைகள் அதிகமாகி, இங்கிலாந்தில் பெற்றோர் வீட்டிலேயே இறந்தார். அப்புறம் கதையாடல் தயார்: முதல் இசைத்தட்டில் வயலின்கள், கடைசியில் வெறும் கிதார், ஆகவே மனிதன் கரைந்தான், ஒலியும் கரைந்தது. இந்தச் சமன்பாட்டை நான் ஏற்கவில்லை.

1969இல் வந்த 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' காலத்திலேயே அவர் சொன்னபடி கேட்கிற பையன் இல்லை. தயாரிப்பாளர் ஜோ பாய்ட் ஏற்பாடு செய்த இசையமைப்பாளரை வேண்டாமென்று, கேம்பிரிட்ஜ் சிநேகிதன் ராபர்ட் கர்பியைக் கூட்டிவந்தார். 1971இன் 'பிரைட்டர் லேட்டர்' டிரம்ஸ், ஊதுகருவிகள், பின்னணிப் பெண்குரல்கள் என்று சந்தைக்காக உடுத்திய தட்டு. சில ஆயிரம் பிரதிகூடத் தாண்டவில்லை. இந்த ஜோடனை அவருக்கே பிடிக்கவில்லை. அந்த அக்டோபரில் இரண்டே இரவுகள், கூட ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும். பதினோரு பாட்டு, 28 நிமிஷம். தலைப்புப் பாட்டில் கொஞ்சம் பியானோ, அவ்வளவுதான். அதுதான் 1972இல் வந்த 'பிங்க் மூன்'.

நோயே இல்லை என்று சொல்லவரவில்லை. அப்போதே மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் நோய் ஒலியை என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி இருக்கு. 1974இல் கடைசியாகப் பதிந்தபோது வாசித்துக்கொண்டே பாட முடியவில்லை. கிதாரை முதலில் பதிந்து, குரலை அப்புறம் சேர்க்கவேண்டியிருந்தது. 'பிங்க் மூன்'இலோ கட்டைவிரல் தடுமாறாமல் நடக்கிறது. குரல் வேண்டுமென்றே தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வருகிறது. உடைந்துபோனவனின் கை இப்படியா ஓடும்?

இன்னொன்றையும் இந்தக் கதை மறைக்கிறது. 'ஆங்கில நாட்டுப்புறத்தின் ஆன்மா' என்று கொண்டாடப்படுகிற டிரேக் பிறந்தது 1948இல், ரங்கூனில். அப்பா பம்பாய் பர்மா கம்பெனியின் பொறியாளர். (1885இல் பர்மாவை விழுங்கிய போருக்குச் சாக்காக நின்ற அதே தேக்குமரக் கம்பெனி.) அம்மா மோலி பியானோவில் தானே பாட்டுக்கட்டி வீட்டுக்குள் மட்டும் பாடியவர். அந்த வீட்டுப் பதிவுகள் 2013இல்தான் பரவலாக வெளிவந்தன. ஒரு குரல், ஒரு வாத்தியம், நடுவே நிறைய மௌனம். கடைசித் தட்டின் வெறுமை எங்கிருந்து வந்ததென்று தேடுகிறவர்கள், மருத்துவச் சீட்டை வைத்துவிட்டு இதையும் கேட்கலாம்.

1999இல் 'பிங்க் மூன்' பாட்டை ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகுதான் தட்டு மளமளவென்று விற்றது.