டப்பா போன் இல்ல, டார்ச் போன்!

2003ல் நோக்கியா 1100 வந்துச்சு. கேமரா கிடையாது, கலர் திரை கிடையாது. ஆனா உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல வித்துச்சு. எப்படி? கரண்ட் போற ஊருக்கு டார்ச். புழுதி உள்ளே போகாத ரப்பர் கீபேட். வியர்த்த கையிலும் வழுக்காத பக்கங்கள். விலையை மட்டும் குறைக்காம, வாங்குறவங்க வாழ்க்கையைப் பார்த்துச் செஞ்ச போன் அது.

இந்த மாதிரி பட்டன் போன்கள்தான் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலை கொண்டுவந்தன. 2006ல் அங்கே நோக்கியா ஆலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான பேர், அதில் நிறைய இளம்பெண்கள், வேலை பார்த்தாங்க. அப்புறம் ஸ்மார்ட்போன் வந்துச்சு, வரிப் பிரச்சினையும் சேர்ந்துச்சு. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது.

இன்னிக்கு ஸ்க்ரீன் டைம் குறைக்க பட்டன் போன் தேடுறீங்களா? 1100 கேட்ட கேள்வியையே கேளுங்க: என் நாளுக்கு உண்மையில என்ன தேவை?