கள்ள வயித்துவலி

1950களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் ஏப்ளி என்ற குழந்தை மருத்துவர், சக மருத்துவர் நெய்ஷுடன் சேர்ந்து ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றுவலியைக் கணக்கெடுத்தார். மூன்று மாதத்துக்கு மேல் விட்டுவிட்டு வரும் வலி, குறைந்தது மூன்று தடவை, அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு வந்திருக்க வேண்டும். சும்மா ஒருநாள் வலித்ததெல்லாம் சேர்த்தியில்லை. 1958இல் முடிவு வெளியானது. ஏறத்தாழ பத்தில் ஒரு பிள்ளைக்கு அந்த வலி இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகளையும் அவர் துருவிப் பார்த்தார். பெரும்பாலோருக்கு உறுப்பில் எந்தக் கோளாறும் அகப்படவில்லை. வலியின் வேர் பிள்ளையின் பயத்திலும் வீட்டுச் சூழலிலும் இருக்கலாம் என்று ஏப்ளி எழுதினார். ஆனால் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால், கேட்பவர்கள் காதில் அது வேறு மாதிரித்தான் விழும்: “ஒண்ணுமில்ல, நடிக்குது.”

எங்கள் பள்ளியில் இதற்குப் பேரே இருந்தது, ‘கள்ள வயித்துவலி’. திங்கட்கிழமை காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவனைப் பார்த்து வாத்தியார் சொல்வார், நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு நீண்ட மருத்துவ வரலாறு இருக்கிறது என்பது வளர்ந்து, இதையெல்லாம் படிக்கும்போதுதான் தெரிந்தது.

1977இல் அமெரிக்கச் செவிலியர் ஜோஆன் ஈலண்டும் ஜேன் ஆண்டர்சனும் அறுவை சிகிச்சை முடிந்த 25 பிள்ளைகளின் மருந்துக் குறிப்புகளைப் புரட்டினார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து 24 வேளை வலி மருந்து. பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கு ஒரு வேளைகூடக் கிடைக்கவில்லை. அதே மாதிரிப் பிரச்சினைகளுக்காகச் சேர்ந்த 18 பெரியவர்களுக்கோ 671 வேளை. பிள்ளைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது, சீக்கிரம் மறந்துவிடும் என்று அன்று பலர் நம்பினார்கள்.

கைக்குழந்தைகள் நிலைமை இன்னும் மோசம். 1980களின் நடுவில்கூட, குறைமாதக் குழந்தைகள் பலருக்கு உடல் அசையாமலிருக்க மட்டும் மருந்து கொடுத்து, போதுமான வலி நிவாரணம் இல்லாமலே நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். யோசிச்சுப் பாருங்க, அழக்கூட முடியாது. அப்படிப்பட்ட குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஃபென்டனில் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார், இந்தியாவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு போன கன்வல்ஜீத் ஆனந்த். மருந்து கிடைக்காத குழந்தைகளின் ரத்தத்தில் அழுத்த ஹார்மோன்கள் எகிறின, சிக்கல்களும் அதிகம். ‘லான்செட்’ இதழில் 1987இல் வந்த அந்த ஆய்வும், தங்கள் குழந்தைகளுக்கு நடந்ததைத் தெரிந்துகொண்ட தாய்மார்களின் கோபமும் சேர்ந்துதான் வழக்கத்தை மாற்றின.

வலி மறந்துவிடும் என்ற நம்பிக்கை உடைய இன்னும் பத்து வருஷம் ஆனது. கனடாவில் ஆனா டாடியோ, 1997இல், பிறந்தவுடன் மரத்துப்போகும் களிம்பு இல்லாமல் சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகளைச் சில மாதம் கழித்துத் தடுப்பூசி போடும்போது கவனித்தார். மற்றக் குழந்தைகளைவிட அவர்கள் அதிகம் துடித்தார்கள். பிள்ளைக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம், நரம்புக்கு இருக்கிறது. புண் ஆறியபிறகும் ஓயாத வலியை இன்று மருத்துவம் இப்படித்தான் பார்க்கிறது: திருடன் போனபிறகும் குரைப்பை நிறுத்தாத நாய் மாதிரி, எச்சரிக்கை அமைப்பு அடங்க மறுக்கிறது. வலி நிஜம்தான்.

சரி, நம்பிவிட்டால் போதுமா? இங்கே வரலாறு என்னைக் கொஞ்சம் தடுமாற வைத்தது. 2006இல் லின் வாக்கர் குழு, வயிற்றுவலிப் பிள்ளைகளையும் வலியில்லாத பிள்ளைகளையும் தண்ணீர் குடிக்கவைத்து வயிற்றை உப்பவைத்தது. சில பெற்றோர் “ரொம்ப வலிக்குதா” என்று வலியைப் பற்றியே பேச, சிலர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள். வலியையே பேசியபோது பிள்ளைகளின் முறையீடு ஏறக்குறைய இரட்டித்தது. திருப்பியபோது பாதியாகக் குறைந்தது. பேச்சைத் திருப்புவதுதான் பிள்ளைக்குக் கெடுதல் என்று வலிப் பிள்ளைகளின் பெற்றோர் நினைத்தார்கள். அதுதான் நன்றாக இருந்தது என்றன பிள்ளைகள்.

ஆக, வலிக்கிறது என்பதை ஒரே தடவையில் நம்பிவிட வேண்டும், திரும்பத் திரும்ப விசாரிக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த வழிகாட்டுதலும் மருந்தோடு நிற்கவில்லை. உடற்பயிற்சியையும் உளவியல் சிகிச்சையையும் சேர்த்தே சொல்கிறது. வலி முழுதாகப் போகட்டும், அப்புறம் பள்ளிக்கூடம் என்று காத்திருந்தால் இரண்டும் நடக்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளி, விளையாட்டு, ஒழுங்கான தூக்கம் என்று திரும்பும்போதுதான் வலியும் இறங்கும். தடுப்பதும் சின்ன இடங்களில்தான் ஆரம்பிக்கிறது: ஊசி போடும்போது தாய்ப்பால் கொடுப்பது, மரத்துப்போகும் களிம்பு, அறுவைக்குப் பின் நேரத்துக்கு மருந்து, “வலிக்காது” என்று பொய் சொல்லாமல் இருப்பது.

ஏப்ளியின் கணக்குப்படி பார்த்தால், நாற்பது பேர் இருந்த எங்கள் வகுப்பில் நாலு பேர். நாங்கள் ஒருத்தனைப் பார்த்துத்தான் சிரித்தோம். மற்ற மூன்று பேரும் வாயே திறக்கவில்லை.