ஸ்ரீரங்கத்துக்கு ரயில் வந்தது எப்போது?

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் "வெள்ளைக்காரன் காலத்தில் கட்டினது" என்பார்கள். சரிதான். ஆனால் திருச்சியில் வெள்ளைக்காரர் ரயில் ஓட்டியது 85 வருஷம். அதில் எந்த வருஷம்? தேடத் தொடங்கினேன்.

திருச்சிக்கு ரயில் கிழக்கிலிருந்து வந்தது. நாகப்பட்டினத்தில் தொடங்கிய கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே 1861இல் தஞ்சாவூரையும் 1862இல் திருச்சியையும் தொட்டது. பிறகு கரூர் வழியாக 1868இல் ஈரோடு போய்ச் சேர்ந்தது. இவ்வளவு பெரிய க்ஷேத்திரத்தை ரயில் கம்பெனி விட்டுவைத்திருக்குமா, 1860களிலேயே ஸ்ரீரங்கத்துக்கும் பாதை போட்டிருப்பார்கள் என்று நம்புகிறவர்கள் உண்டு. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

பாதையை வரைபடத்தில் விரலால் தொடர்ந்து பார்த்தால் முதல் தடயம் அங்கேயே கிடைக்கிறது. திருச்சியிலிருந்து ஈரோடு வரை அந்தத் தடம் தென்கரையை விட்டு விலகவே இல்லை. ஓரிடத்தில்கூடக் காவிரியைத் தாண்டவில்லை. ஸ்ரீரங்கமோ காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு.

அடுத்து மாவட்ட ஏடுகள். 1878இல் வந்த லூயிஸ் மூரின் மேனுவல், 1907இல் வந்த ஹெமிங்வேயின் கெசட்டியர் இரண்டும் திருச்சி வரலாற்றைத் தேடுகிறவர்கள் தவிர்க்க முடியாதவை. கெசட்டியர் வெளியான காலத்திலும் இங்கே ஆற்றின் மேல் தண்டவாளம் கிடையாது. ரங்கநாதரைச் சேவிக்க ரயிலில் வந்தவர்கள் தென்கரையிலேயே இறங்க வேண்டும். அதற்கப்பால் பாலத்தின் மேல் வண்டிச் சவாரி, இல்லையென்றால் நடை. மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் இரண்டு தலைமுறைக்கு மேல் ஜனங்கள் அப்படித்தான் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். எந்த நிர்வாக அறிக்கையையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சிரமம்தான்.

சென்னையிலிருந்து வந்த மெயின் லைனும் இந்தத் தீவைத் தொடவில்லை. அது கொள்ளிடத்தைத் தாண்டியது கடற்கரைப் பக்கம், சிதம்பரத்துக்கும் சீர்காழிக்கும் இடையில். திருச்சி போக வேண்டியவர் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றித்தான் வர வேண்டும்.

விடை 1929இல் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியாக நேரே தெற்கே இறங்கும் கார்டு லைன் அந்த வருஷம் திறக்கப்பட்டது. எழும்பூர்-திருச்சி தூரம் இன்றைய கணக்கில் மெயின் லைனில் சுமார் 400 கிலோமீட்டர், கார்டு லைனில் 337. தெற்கே போகும் வண்டிகளுக்குக் குறுக்குவழி தேவைப்பட்டது. அதற்குக் கொள்ளிடம், காவிரி இரண்டின் மேலும் பாலம் வேண்டும். 1924 பெருவெள்ளத்தைக் கண்ட அதே பத்தாண்டில் துணிந்து தண்டவாளத்தைக் கொண்டுபோனார்கள். தீவு வழியில் இருந்தது; ஸ்ரீரங்கத்துக்கு ஸ்டேஷன் கிடைத்தது.

இதை இன்றும் நேரில் சரிபார்க்கலாம். மலைக்கோட்டைக்கு மேற்கே கோட்டை ஸ்டேஷனும் பாலக்கரையும் பழைய ஈரோடு தடத்தில் இருக்கின்றன. கிழக்கே டவுன் ஸ்டேஷனும் பொன்மலையும் கார்டு லைனில். நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை பொன்மலைக்கு மாறியது 1928இல். புதுத் தடம் மலைக்கோட்டையின் கிழக்கே வளைந்து பொன்மலையைத் தொட்டு ஜங்ஷனில் சேருவதற்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பு உண்டென்றே நினைக்கிறேன்.

இதே தடத்தில்தான் 1956 நவம்பரில், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

ஆக, திருச்சிக்கு ரயில் வந்து 67 வருஷம் கழித்துத்தான் ரங்கநாதர் ஊருக்குக் கார்டு லைன் வந்தது. அதுவும் பக்தர்களுக்காகப் போட்ட தடம் அல்ல.

2025 மே மாதம் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. பழைய சுவடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. பொன்மலையிலும் ஸ்ரீரங்கத்திலும் பல வீடுகளில் தாத்தா காலத்து ரயில்வே கால அட்டவணைகள், பாஸ்கள், பணி ஆணைகள், புகைப்படங்கள் பரணில் கிடக்கக்கூடும். தயவுசெய்து அவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். திருச்சி ரயில்வே அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரதியாவது கொடுங்கள்.